எவ்வீட்டிலும் இல்லை

ஹம்ப்ரி ரோலண்ட்ஸின் சவப்பெட்டி மேட்டுத் தெரு வழியாகப் போன அன்று ஒரு வீட்டிலும் ஜன்னல் திரையை இறக்கவில்லை. ரெகொபோத் ஊரில் குடிகாரன் செத்தாலும் மரியாதைக்குத் திரை இறங்கும். அன்றைக்கு வேண்டுமென்றே எல்லாத் திரைகளையும் மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். பெண்கள் ஜன்னலோரம் நின்று உருளைக்கிழங்கு சீவினார்கள். ஒருத்தி வாசலுக்கு வந்து பாய் உதறினாள். பெட்டிக்குப் பின்னால் பாதிரியாரும், குவாரி நிர்வாகம் அனுப்பிய ஒரு குமாஸ்தாவும், விதவை கெத்தூராவும் மட்டும் நடந்தார்கள்.

எனோக் பாரி தன் வாசலில் நின்று பைப் புகைத்தபடி பார்த்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

ஒரு காலத்தில் ஹம்ப்ரியும் அவனும் சிலேட்டுக் குவாரியில் ஒரே பாறை முகத்தில் கூட்டாளிகள். ஒருவன் கயிற்றில் தொங்கிப் பாறையைத் துளைப்பான், மற்றவன் மேலே நின்று கயிற்றைப் பிடிப்பான், முறை மாற்றிக்கொள்வார்கள். பிறகு வேலைநிறுத்தம் வந்தது. மூன்று வருஷம் நீண்டது. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் விடியும்போது, புதிதாக விழுந்த பனியில், ஹம்ப்ரி வீட்டு வாசலிலிருந்து குவாரி கேட்டு வரைக்கும் ஒற்றை ஆளின் காலடித் தடம் போயிருந்தது. ஊரே வெளியில் வந்து நின்று அந்தத் தடத்தைப் பார்த்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்காக வேலைக்குப் போனான் என்று சிலர் சொன்னார்கள். யார் வீட்டில்தான் படுக்கையில் ஆள் இல்லை என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த வாரமே ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஓர் அட்டை ஏறியது. ‘இந்த வீட்டில் துரோகி இல்லை.’

எனோக்கின் மகன் மெய்ரிக் அதே குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டிச் செத்தான். நாலு வயது.

கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அதே கேட்டு வழியாக உள்ளே போனார்கள். ஜன்னல் அட்டைகள் வீட்டுக்குள் வந்து, சட்டம் போடப்பட்டு, அடுப்புக்கு மேலே தொங்கின. ஆறு வருஷம் ஆகியும் ஹம்ப்ரியோடு யாரும் பேசவில்லை. அவன் போய் மோன் தீவிலிருந்து, பால் பண்ணையில் வேலை செய்த கெத்தூராவைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளோடும் யாரும் பேசவில்லை. கடையில் சாமானை எடுத்து வைப்பார்கள், காசை வாங்குவார்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

அவள் எனோக்கிடம் வந்தது, அவன் சனிக்கிழமை மதியம் கல்லறைக் கல் செதுக்கும் ஒபதியாவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது.

"மிஸ்டர் பாரி, எனக்கு ஒரு எங்லின் வேணும். அவர் கல்லுக்கு."

ஒபதியா உளியை வைத்துவிட்டு எனோக்கைப் பார்த்தான்.

"எங்க தீவுல மாடு மேய்க்கிறவன் கல்லுலகூட நாலு வரி இருக்கும்," என்றாள் கெத்தூரா. "இவர் கல்லை மொட்டையா நிக்கவிட எனக்கு மனசு வரலை. ஸ்கூல் மாஸ்டர்கிட்டப் போனேன், கதவையே தொறக்கலை. நீங்க அவரோட கயித்தைப் பிடிச்சவராமே?"

"அவன் சொன்னானா?"

"அடிக்கடி சொல்லுவார். எனோக் வாயில வார்த்தைங்க தானா வந்து வரிசையில நிக்கும்பார்."

எனோக் பைப்பைத் தட்டினான். "பாக்கலாம்," என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி லவ்ரியிடம் சொன்னான். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவன் கல்லுக்கா? உன்கிட்டயா வந்து கேட்டா?"

"முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"எதுக்கு முடியாதுங்கிறே? எழுது."

"லவ்ரி..."

"எழுதுன்னேன். அவ வாசிச்சு அழணும். உனக்கு நன்றி சொல்லணும். ஊரு வாசிச்சு சிரிக்கணும். அது முடியலைன்னா இனிமே கவிராயன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே." இஸ்திரிப்பெட்டியை மறுபடி அழுத்தினாள். துணியில் தீய்ந்த வாடை வந்தது.

எங்லின் என்பது நாலே வரிப் பாட்டு, முப்பதே அசை. ஆனால் வரியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பின்பாதியிலும் அதே வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஒரு மெய் இடம் மாறினாலும் ரெகொபோத்தில் கல் உடைக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். குவாரியின் சாப்பாட்டுக் கொட்டகையில் தேநீர் ஆறுவதற்குள் ஒருவன் ஒரு வரி போட, இன்னொருவன் அதை முடிப்பான். அதில் எனோக்கை வெல்ல ஆளில்லை.

அவனுக்கு முதலில் வந்தது நல்ல வரிதான். கயிற்றைப் பிடித்த கை என்று தொடங்கியது. ஹம்ப்ரியின் கை அது. பன்னிரண்டு வருஷம் எனோக்கின் உயிர் அந்தக் கையில் இருந்தது. ஆனால் பின்பாதியில் மெய்கள் முட்டிக்கொண்டு நின்றன. பாறையைத் தட்டும்போதும், சூப்பு குடிக்கும்போதும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் நகர்ந்திருக்கலாம். அதற்குள் ஒரு மாலை, மழையில் நனைந்து வீடு திரும்பும்போது, கடைசி வரி முழுசாக வந்து விழுந்தது. ஒரு மெய்கூடப் பிசகவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. தெருவில் தனியாக நின்று சிரித்தான். பிறகு மற்ற மூன்று வரிகளும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தன.

மறுநாள் கொட்டகையில் எழுந்து நின்று சொன்னான்:

பனிமேல் முதல்தடம் பதித்தான், பலர்தூங்கத்
தனியே நடந்தான் தளராமல்;
அணையாமல் காத்தான் அடுப்பை, அவனுக்கு
இணையொருவன் எவ்வீட்டிலும் இல்லை.

 மூலையிலிருந்து கிழட்டு மனோவா, "எவ்வீட்டிலும்... இல்லை," என்று இழுத்தான். அடுத்த நொடி கொட்டகையே அதிர்ந்தது. தகரக் குவளைகளால் மேஜையை அடித்தார்கள்.

"அடப்பாவி! ஜன்னல் அட்டையை அப்படியே தூக்கி அவன் தலைமாட்டுல நட்டுட்டியே!"

"இது பாராட்டா, திட்டாடா?"

"அது வாசிக்கிறவன் வீட்டைப் பொறுத்தது," என்றான் எனோக்.

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. வேலைநிறுத்தம் தோற்ற பிறகு அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரும் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவர்தான். அதனால் சிரிப்பு இன்னும் கூடியது.

பட்டறையில் ஒபதியாவும் முதலில் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கல்லுடா இது, எனோக். வாயில சொன்னா காத்தோட போயிடும். இது நிக்கும். அடியில உன் பேரையும் வெட்டணும்."

"அவ சரின்னா வெட்டு."

கெத்தூரா பட்டறையில் நின்றபடியே வாசித்தாள். உதடுகள் அசைந்தன. மூன்றாவது வரியில் நின்றாள். மறுபடி அதையே வாசித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க மறக்கலை, மிஸ்டர் பாரி," என்றாள். "அவருக்குத் தெரியாமப் போச்சே."

எதை மறக்கவில்லை என்று எனோக்குக்கு விளங்கவில்லை. எதற்கும் அழுகிற பொம்பளை என்று நினைத்துக்கொண்டான். லவ்ரி கேட்டபடியே நடந்துவிட்டது. அதை வீட்டில் போய்ச் சொன்னபோது அவள் அன்று இரட்டைத் துண்டு பன்றிக்கறி வறுத்து வைத்தாள்.

கல் நட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டம் போனது. சேப்பலில் ஆராதனை முடிந்ததும், பாட்டுப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எல்லோரும் சேப்பல்காரர்கள், ஹம்ப்ரியைப் புதைத்திருந்த இங்கிலாந்துச் சபைக் கோயிலின் கல்லறையை அதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். கெத்தூரா கல்லுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குத் தலையசைத்தாள்.

"நல்ல கல்லு, மிஸஸ் ரோலண்ட்ஸ்," என்பாள் ஒருத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"வந்ததுக்கு ரொம்ப நன்றி. அவர் இருந்து பாக்கலையேன்னு இருக்கு."

"அதேதான் நாங்களும் நெனச்சோம்."

அவர்கள் மதில் மூலை திரும்பும்வரை அடக்கிக்கொண்டு, அப்புறம் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரிப்பார்கள். அவளோ ஊர் மன்னித்துவிட்டது என்று நம்பினாள். கடையில் நிமிர்ந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். கறுப்புத் தொப்பியில் சின்னதாக ஒரு ரிப்பன் வைத்துக்கொண்டாள். எனோக் அவளைத் தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்தான். அவள் அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

வசந்தகாலத் தொடக்கத்தில் ஒரு நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது, சமையலறையில் நல்ல கோப்பைகள் மேஜைமேல் இருந்தன. மெய்ரிக் செத்த அன்றைக்குத்தான் அவை கடைசியாக வெளியில் வந்தன. கெத்தூரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வெண்ணெய்க் கட்டி, முட்டைக்கோஸ் இலையில் சுற்றியது. ஒரு திராட்சை ரொட்டி.

"வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க," என்றாள் லவ்ரி. "உள்ள வாங்கன்னேன். உன்னைப் பாத்து நன்றி சொல்லணுமாம்."

நாற்காலி வழக்கமான இடத்தில் இல்லை என்பதை எனோக் அப்போதுதான் கவனித்தான். லவ்ரி அதை அடுப்புக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டிருந்தாள். அடுப்புக்கு மேலே கறுப்புச் சட்டத்தில் அட்டை தொங்கியது.

"சக்கரை போதுமா, மிஸஸ் ரோலண்ட்ஸ்?"

 கெத்தூரா அட்டையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி வாசிப்பவள் மாதிரி மெதுவாக, "இந்த வீட்டில்..." என்று தொடங்கி, மீதியை வாய்க்குள் முடித்தாள்.

"இது என்ன, மிஸஸ் பாரி?"

"எல்லார் வீட்லயும் இருக்கே. பாத்ததில்லையா? ஓ, உங்களை யாரும் உள்ள கூப்பிடலையோ?" லவ்ரி ரொட்டியை அறுத்துத் தட்டில் வைத்தாள். "வேலைநிறுத்தம் முடியற வரைக்கும் ஜன்னல்ல வெச்சிருந்தோம். மேட்டுத் தெரு முழுக்க. ஒரு வீட்டைத் தவிர."

கெத்தூராவின் உதடுகள் அசைந்தன. அவள் சொல்வது எந்த வரி என்று எனோக்குக்குத் தெரிந்தது. முகத்தில் இருந்த ரத்தம் கழுத்துக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை ஏன் அவ்வளவு கூட்டம்னு இப்பப் புரியுதா?" என்றாள் லவ்ரி, ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தியபடி. "சாப்பிடுங்க. நீங்க கொண்டு வந்ததுதானே."

கெத்தூரா கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். எனோக்கின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ மூணாவது வரி?"

"எது?"

"அடுப்பு வரி. அதுவும் கேலிதானா?"

எனோக் கதவுப் பக்கம் பார்த்தான்.

"நான் அது ஒண்ணு நன்றின்னு நெனச்சேன். மத்ததெல்லாம் சும்மா புகழ்ச்சி, இது ஒண்ணுதான் மனசிலேருந்து வந்ததுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் வெண்ணெய் கடைஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

"நன்றியா? எதுக்கு நன்றி?" லவ்ரிக்குச் சிரிப்பு வந்தது.

"கரிக்கு."

"எந்தக் கரிக்கு?"

"லவ்ரி, போதும்," என்றான் எனோக். "அவங்களை அனுப்பு. பொழுதாச்சு."

கெத்தூரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லவ்ரிக்கு எதுவும் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை எனோக் அவள் கண்ணில் பார்த்தான். அந்த நிமிஷம் அவள் எழுந்து போயிருக்கலாம். போய்விடுவாள் என்றுகூட அவன் நம்பினான். அவள் கையுறையை மடியில் வைத்து நீவி விட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"உங்க பையன் நெஞ்சுச் சளியில கிடந்தப்போ, எங்க வீட்டுக்காரர் ஒரு வாளி கரி கொண்டு வந்தாராம். உங்க பின்வாசலுக்கு. மிஸ்டர் பாரிதான் கதவைத் தொறந்தார். வாளியை வாங்கி ஓடையில கொட்டிட்டு, காலி வாளியைத் திருப்பிக் குடுத்தாராம். மறுநாளும் கொண்டு வந்தார். அன்னைக்கும் ஓடையிலதான் போச்சு. மூணாவது தடவை நிரப்பி வெச்சிருந்தாராம். அதுக்குள்ள சேப்பல்ல சாவு மணி அடிச்சிருச்சு."

கெத்தூரா கையுறையை மறுபடி நீவினாள்.

"அவர் ஒரு நாளும் திட்டினதில்லை. எனோக் பாவம், பக்கத்து வீட்டுல யாராவது பாத்துடுவாங்களோன்னு பயம், அவன் என்ன செய்வான்னுதான் சொல்லுவார்."

அவள் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பி, "வெண்ணெயில உப்பு கொஞ்சம் தூக்கலா போச்சு. பாத்துப் பூசிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லவ்ரி ரொட்டிக் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நான் அன்னைக்குத் தொட்டிலை ஒடச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் கடைசியில். "மேல் மாடியில. விறகு தீந்துபோச்சுன்னு அவன் தொட்டிலையே ஒடச்சேன். கீழ யாரோடயோ பேசுற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு கேட்டேன். சும்மா நாய்ன்னு சொன்னே."

"புகைக்கூண்டுல கரிப்புகை வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும், லவ்ரி."

"தெரிஞ்சா?"

"அட்டையைக் கழட்டச் சொல்லுவாங்க."

அவள் அட்டையைப் பார்த்தாள். எனோக் அதை எடுக்கப் போனான்.

"தொடாதே. அது அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் வைத்து லவ்ரியே எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அது குவாரியின் மேல் தட்டு வரை ஏறிவிட்டது. மனோவா பாறை இடுக்கில் நடந்து வந்து எனோக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சரியாத்தான் செஞ்சே, தம்பி. துரோகி கரியில குளிர் காயறதைவிட அது மேல்," என்றான். எனோக் கையை உருவிக்கொண்டான். யாராவது அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கொட்டகையில் அன்று அவன் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெஞ்சில் இடம் விட்டார்கள். எனோக் ரொட்டியைப் பிரித்தான். எதிரே உட்கார்ந்திருந்த துளை போடுகிறவன் ஒருத்தன், இளவட்டம், தேநீரை ஊதிக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"அணைந்திடவே விட்டான் அடுப்பை; அவனுக்கு
இணையொருவன் எவ்வீட்டிலும் இல்லை."

ஒரே ஓர் இடத்தைத்தான் மாற்றியிருந்தான். மெய்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. எனோக்கின் காது அதைத்தான் முதலில் சோதித்தது. சரியாக இருக்கிறது என்று கண்ட பிறகுதான் பொருள் நெஞ்சில் இறங்கியது. முதலில் ஒருத்தன் மூக்கால் சிரித்தான். பிறகு தகரக் குவளைகள் மேஜையில் விழுந்தன, முன்பு விழுந்த அதே வேகத்தில்.

அந்த வரி நின்றுபோகவில்லை. ஒரு வருஷம் கழித்தும் அவன் தெருவில் போனால் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து முதல் இரண்டு சொற்கள் கேட்கும். இரண்டே போதும். அவன் கொட்டகைக்குப் போவதை விட்டுவிட்டு, ஒதுக்குப்புறமாகப் பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டான். பாட்டுக் கட்டுவதும் நின்றது. லவ்ரி அவனுக்குச் சமைத்தாள், துவைத்தாள், காலுறை தைத்தாள். தேவைக்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. கெத்தூரா இதற்குள் வீட்டைக் காலி செய்து தீவுக்கே திரும்பிவிட்டாள்.

எனோக் ஒபதியாவிடம் போனான். "அந்தக் கல்லுல வரியைச் சுரண்டி எடுத்துடு. இல்லை, என் பேரையாவது எடுத்துடு."

"அவ கல்லுடா அது. அவ சொல்லாம நான் கை வெச்சா எனக்கு இந்தத் தொழில் எதுக்கு? அவளைக் கேளு."

கோடை விடுமுறையில் எனோக் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போனான். விசாரித்து விசாரித்து அந்தப் பண்ணையைக் கண்டுபிடித்தான். கெத்தூரா கொட்டிலில் ஒரு கறுப்புப் பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டும் கை நிற்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தான். வேறு கல் வைத்துத் தருவதாகச் சொன்னான். வேறு எங்லின் எழுதித் தருவதாகச் சொன்னான். கயிற்றைப் பற்றி எழுதுகிறேன், இப்போது அந்த வரி வந்துவிட்டது என்றான்.

"வேணாம்," என்றாள் அவள்.

"மிஸஸ் ரோலண்ட்ஸ், அதை வெச்சு உங்க வீட்டுக்காரரைத்தானே கேலி பண்றாங்க?"

"இப்ப அவரையா கேலி பண்றாங்க?" வாளியில் பால் சீறியது. "போன மாசம் எங்க பண்ணைக்காரர் அந்தப் பக்கம் ஆடு விக்கப் போனார். கல்லைப் பாத்துட்டு வந்து சொன்னார், உன் புருஷன் மாதிரி உழைப்பாளியை இந்தக் காலத்துல பாக்க முடியாதுன்னு. வெளியூர்க்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க ஊர்லயும் நீங்கல்லாம் செத்த பிறகு வர்றவங்க அப்படித்தான் வாசிப்பாங்க. நல்ல பாட்டு, மிஸ்டர் பாரி. உங்களால அதைவிட நல்லா எழுத முடியாது."

"என் பேரையாவது..."

"பேரும் இருக்கட்டும்." வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நகருங்க, வழியில நிக்கறீங்க."

அவன் நகர்ந்தான். அவள் அடுத்த பசுவுக்கு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது லவ்ரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் எங்கே போனான் என்பதை யார் சொன்னார்களோ, தெரிந்து வைத்திருந்தாள்.

"என்ன சொன்னா?"

அவளாக வாய் திறந்து அவனிடம் கேள்வி கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனோக் அவசரமாகப் பதில் சொன்னான், எங்கே மறுபடி வாயை மூடிக்கொள்வாளோ என்று.

"முடியாதுன்னுட்டா. வரியும் இருக்கட்டும், பேரும் இருக்கட்டும்னுட்டா."

லவ்ரி மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்துக் குத்தினாள்.

"நல்லவ," என்றாள்.